இறுகிய போல்ட் எடுக்கும் செட் வாங்கி அரை மாதச் சம்பளம் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

பழைய கார் வேலை பார்க்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். நேற்று இரவுதான் செட்டை விற்றவர்களுடைய கடைசிப் பதில் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போனது அரை மாதச் சம்பளம்.

வண்டிக் கருவிகள் மட்டுமே விற்கும் ஓர் ஆன்லைன் தளம். ஆறு எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த போல்ட்டில் துளை போட்டு, உள்ளே செருகித் திருகி எடுக்கும் கருவி), இடது சுற்று டிரில் பிட்கள், கறுப்புப் பூச்சு போட்ட இம்பாக்ட் சாக்கெட்டுகள் (நட்டின் மேல் மாட்டித் திருகும் கிண்ணங்கள்), 60 செ.மீ. பிரேக்கர் பார் (அவற்றைத் திருப்பும் நீளக் கைப்பிடி), எல்லாம் ஒரே பெட்டியில். 'குரோம் மாலிப்டினம்' (உறுதியான கலப்பு எஃகு) என்று ஒவ்வொரு சாக்கெட்டிலும் பொறித்திருந்தது. அந்தப் பொறிப்பை நம்பி மட்டும் வாங்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் சாட்டில் தெளிவாகக் கேட்டேன்: "அலுமினிய ஹெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எம்8 ஸ்டட், துருப்பிடித்து இறுகியிருக்கிறது, தாங்குமா?" (ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அதிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய். அதை ஹெட்டோடு நட்டு போட்டுப் பிடிக்கும் தலையில்லாத மரைக்கம்பிதான் ஸ்டட், எம்8 என்றால் 8 மி.மீ. தடிமன்.) இரண்டே நிமிடத்தில் பதில்: "தாராளமாகத் தாங்கும் சார். எக்ஸ்ட்ராக்டர் உடைந்தால் கேள்வியே கேட்காமல் மாற்றித் தருவோம்." இப்படிப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று அந்த நிமிடமே பணத்தைக் கட்டினேன்.

வேலையில் குறை வைக்கவில்லை. கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு இரவு ஊறவிட்டு, நட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் கழற்றத் தொடங்கினேன். எட்டு நட்டில் ஆறு வந்துவிட்டன. ஏழாவதில் சாக்கெட் வழுக்கி, நட்டின் ஆறு மூலையும் மழுங்கிவிட்டன. சாக்கெட்டின் உள்ளே வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தால் 13.6 மி.மீ.! 13 மி.மீ. நட்டுக்கான சாக்கெட் அது. அந்த இடைவெளி இருந்தால் சாக்கெட் நட்டின் பக்கவாட்டை அழுத்தாது, மூலையை மட்டும் சுரண்டும்.

மழுங்கிய நட்டை வேறு வழியில் கழற்றப் பார்த்தபோது ஸ்டட் ஹெட்டின் மட்டத்தோடு முறிந்தது. பழைய ஸ்டட், அதற்கு அவர்களைக் குறை சொல்லவில்லை. நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 4 மி.மீ. துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டரை டேப் ரெஞ்சில் (கையால் திருப்பும் சிறு பிடி) மாட்டிக் கையால்தான் திருப்பினேன். பிரேக்கர் பாரைத் தொடவே இல்லை. கால் சுற்று கூட வரவில்லை, 'டக்' என்று உள்ளேயே உடைந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் சர்க்கரைக் கட்டி போல் பெரிய பெரிய மணிகள். சரியாகப் பதம் ஏற்றிய எஃகு நுண்ணிய மணியோடு சாம்பல் நிறத்தில் இருக்கும். இது அளவுக்கு மீறிச் சூடாக்கிக் குளிர்வித்து நொறுங்கும் பதத்துக்குப் போன எஃகு.

இதில்தான் பெரிய நஷ்டம். எக்ஸ்ட்ராக்டர் ஸ்டட்டைவிடக் கடினம். சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது, பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற அலுமினியத்துக்குள் சறுக்கிப் போகும். அதோடு, சுருள் எக்ஸ்ட்ராக்டர் ஆப்பு போல ஸ்டட்டை உள்ளிருந்து விரித்து, மரையை இன்னும் இறுக்கிவிடுகிறது. கடைசியில் ஹெட்டையே கழற்றி, ஸ்பார்க் எரோஷனில், அதாவது மின்பொறியால், அரித்து எடுத்து, கெட்டுப்போன துளைக்குள் புது மரையாகக் கம்பிச்சுருள் போட வேண்டி வந்தது. செட் விலையும் இந்தச் செலவும் சேர்ந்து அரை மாதச் சம்பளம்.

பெட்டி வந்த நான்காம் நாளே புகார் கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். அடுத்த பதில்: "திரும்பப் பெறும் 7 நாள் காலம் முடிந்துவிட்டது." அவர்கள் இழுத்தடித்ததில்தான் முடிந்தது! கேட்டதற்கு, "எக்ஸ்ட்ராக்டர் தேய்மானப் பொருள்" என்றார்கள். 'கேள்வியே கேட்காமல் மாற்றித் தருவோம்' என்று எழுதியதைக் காட்டினேன். "நீங்கள் அதிக விசை கொடுத்திருக்கிறீர்கள்" என்று எழுதிவிட்டு சாட்டை மூடிவிட்டார்கள். சாதாரண 8.8 தர எம்8 போல்ட்டை இறுக்குவதே சுமார் 25 நியூட்டன் மீட்டர் திருகு விசையில்தான். கையால் திருப்பும் டேப் ரெஞ்சையா அதிக விசை என்கிறார்கள்?

அரை மாதச் சம்பளம். இனி வராது. என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

சாக்கெட் வந்ததும் வெர்னியர் வையுங்கள், ஆறு முனை மட்டும் வாங்குங்கள், பன்னிரண்டு முனை இறுகிய நட்டுக்கு ஆகாது. ஸ்டட் முறிந்தால் எக்ஸ்ட்ராக்டரைத் தேடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, முறிந்த இடத்தின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள், அந்தச் சூடே துருப் பிடியை விடுவிக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் மட்டும் சூடு காட்டவே காட்டாதீர்கள், குளோரின் கலந்த வகையாக இருந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். சாட்டில் அவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு வாக்கையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெட்டி வந்த அன்றே, வண்டியில் கை வைக்கும் முன், ஒவ்வொரு கருவியையும் பழைய போல்ட் ஒன்றில் போட்டுச் சோதித்துவிடுங்கள்.