காப்பர்-டியா, அந்தரா ஊசியா? தாராவி அம்மாக்களுக்கு ஓர் ஒப்பீடு

முதல் குழந்தை தவழ ஆரம்பித்ததுமே ஊரிலிருந்து போன் வரும்: "அடுத்தது எப்போ?" கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்று நினைக்கிற தாராவிப் பெண்ணுக்கு, அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிற வழிகளில் முக்கியமானவை இரண்டு: கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி, ஹார்மோன் ஊசியான அந்தரா.

காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. 380ஏ வகை 10 வருடம் தாங்கும், 375 வகை 5 வருடம். எடுத்துவிட்டால் உடனே கரு தங்கலாம். அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள்; நம்பாதீர்கள். உண்மையான தொந்தரவு வேறு. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். பொதுக் கழிப்பறையில் வரிசையில் நின்று நாப்கின் மாற்றுகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் போட்டுக்கொள்ளும் முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தரா மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. 2017 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போடலாம், தாய்ப்பால் குறையாது. மாமியாருக்குத் தெரியாமலும் போட்டுக்கொள்ளலாம். சில வீடுகளில் இது பெரிய நிம்மதி. மாதவிலக்கு முன்பின்னாகி, பிறகு நின்றும் போகலாம். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பதறுவார்கள். தேங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை, கர்ப்பப்பையின் உள்சவ்வே மெலிந்துவிடுகிறது. ரத்தசோகை உள்ளவளுக்கு இது நல்லதுதான். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. மே மாதம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குக் கிளம்பும்போது ஊசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், தேதி வந்தால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். குறை ஒன்று உண்டு: நிறுத்திய பிறகு கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம்.

என்னைக் கேட்டால், நினைத்தபோது அடுத்த குழந்தை வேண்டும் என்றால் காப்பர்-டி. ஏற்கெனவே உதிரப்போக்கு அதிகம் என்றால் அந்தரா. எய்ட்ஸ் போன்ற தொற்றை இரண்டுமே தடுக்காது, அதற்கு ஆணுறைதான். ஹார்மோனும் வேண்டாம், உள்ளே எதுவும் வைக்கவும் வேண்டாம் என்பவர்களுக்குச் சாயா மாத்திரை: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. மறதிக்காரர்களுக்கு ஒத்துவராது.

சரி, குழந்தை போதும் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டால்? அப்போதும் ஆபரேஷன் அவளுக்குத்தான் என்று ஆகிவிடுகிறது. அதே கணக்கெடுப்பில், மணமான தம்பதிகளில் பெண் கருத்தடை ஆபரேஷன் 37.9 சதவீதம், ஆண் கருத்தடை ஆபரேஷன் வெறும் 0.3. இது எனக்கு ஆறவே இல்லை. அவளுக்கு வயிற்றில் சின்னதாகக் கீற வேண்டும், ஒரு வாரமாவது தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. அவருக்குத் தையல்கூட இல்லை, அன்றே வீடு திரும்பலாம். ஆண்மையும் உழைக்கிற தெம்பும் குறையாது. ஒன்றே ஒன்று: மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியாகும் வரை ஆணுறையை விடக்கூடாது.