சாண்டோ டொமிங்கோ ஒருநாள் டூர்: காசு கட்டுமுன் இதைப் படியுங்கள்

கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசின் கடற்கரை ஊர் புன்டா கானாவின் ரிசார்ட்டுகளில், தலைநகர் சாண்டோ டொமிங்கோவுக்குப் போகும் இந்த டூரை விற்காத மேசை கிடையாது. முழு நாள், பேராலயம், கோட்டை, கொலம்பஸ் மாளிகை, மதிய உணவு என்று விளம்பரத்தாள் பளபளக்கும். இந்த டூரில் களவு போவது முதலில் நேரம், காசெல்லாம் அப்புறம்தான். ஒரு டூரின் கணக்கை அப்படியே தருகிறோம். நடத்துகிற ஆட்கள் மாறினாலும் அச்சு ஒன்றுதான்.

காலை 6 மணிக்கு ரிசார்ட் வாசலில் பஸ். இன்னும் ஐந்து ரிசார்ட்டுகளில் ஆள் ஏற்றி நெடுஞ்சாலையைத் தொடும்போது 7.20. தலைநகரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம். நடுவில் 'கழிப்பறைக்காக' ஒரு பரிசுப்பொருள் கடையில் 40 நிமிடம். கடையைச் சுற்றித்தான் கழிப்பறைக்குப் போகவே முடியும். 10.30க்கு லோஸ் த்ரேஸ் ஓஹோஸ் குகை ஏரிகள், ஒரு மணி நேரம். நல்ல இடம்தான், ஆனால் நான்காவது ஏரிக்குப் போகும் தெப்பத்துக்குத் தனிக் காசு என்பதை அங்கே போன பிறகுதான் சொல்கிறார்கள். அடுத்து கொலம்பஸ் கலங்கரை விளக்கம், வெளியே நின்று படம் எடுக்கப் பதினைந்து நிமிடம். பிறகு புஃபே. பழைய நகரத்துக்குள் கால் வைத்தபோது 1.30. 2.40க்குக் கடை. 3.30க்குப் பஸ் கிளம்பிவிட்டது.

ஆக, எதற்காகப் பணம் கட்டினார்களோ அந்த நகரத்துக்குக் கிடைத்தது 70 நிமிடம். கைடு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில் சொன்னதால், உங்கள் காதுக்கு வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு.

'பானரமிக் பார்வை' என்ற சொல் தாளில் இருந்தால் உஷாராகுங்கள். பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவார்கள் என்பதுதான் அதன் பொருள். 'பேராலயம், கோட்டை பானரமிக்' என்று எழுதியிருந்தால் உள்ளே கூட்டிப்போகும் கடமை அவர்களுக்கு இல்லை, சண்டை போட்டும் பயனில்லை. உள்ளே போவதா, நுழைவுச்சீட்டு சேர்ந்ததா, எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

கிழமையும் முக்கியம். அல்காசார் தே கொலோன் என்ற கொலம்பஸ் மாளிகை திங்கட்கிழமை மூடியிருக்கும். அன்றைக்கும் அதே விலைக்கு டூர் விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி நடக்கும்போது பேராலயத்தைச் சுற்றிப்பார்க்க முடியாது. தோள் தெரியும் சட்டையோ அரைக்கால்சட்டையோ போட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள், ஆனால் இதைக் காலையில் பஸ்ஸில் ஏறும்போது யாரும் சொல்வதில்லை.

கைடு எப்படிப்பட்டவர் என்று தெரிய ஒரு கேள்வி போதும்: "அல்காசாரில் கொலம்பஸ் எந்த அறையில் தூங்கினார்?" அறையைக் காட்டினால் முடிந்தது கதை. அது அவர் மகன் டியேகோ 1510களில் கட்டிய மாளிகை. தந்தை 1506லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை கழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேராலயத்தின் பக்கத்திலுள்ள கொலோன் பூங்காவில் தானாக வந்து ஒட்டிக்கொள்பவர்களிடம் நடக்கத் தொடங்குமுன் மொத்தத் தொகையைப் பேசுங்கள். முதலில் 'இருபது' என்பார்கள், முடிவில் அது ஆளுக்கு இருபது டாலராக மாறிவிடும்.

கடைக்கு வருவோம். லாரிமார் என்ற நீலக் கல் உலகிலேயே இந்த நாட்டின் பாராஓனா மாகாணத்தில்தான் வெட்டி எடுக்கப்படுகிறது. பழங்கால மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரும் இங்கே புகழ்பெற்றது. அதனாலேயே போலியும் தாராளம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஏழெட்டுத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உலோகம் கோக்காத கல்லைப் போட்டால் அம்பர் மிதக்கும், பெரும்பாலான பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மூழ்கும். இளம் பிசினான கோப்பாலும் மிதக்கும் என்பதால் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள், கோப்பால் பிசுபிசுக்கும். எந்தக் கடைக்காரரும் இதற்கு இடம் கொடுக்க மாட்டார், ஆகவே விலையுள்ளதை டூர் கடையில் வாங்காதீர்கள். கைடுக்கும் டிரைவருக்கும் போகும் கமிஷன் அந்த விலையில்தான் ஏறியிருக்கிறது. 'கியூபா சுருட்டு' என்று சொல்லி நீட்டுவது இன்னும் வேடிக்கை; உள்ளூர்ச் சுருட்டே உலகத் தரம்.

உள்ளூர்ப் பணமான பெசோவுக்கும் $ குறிதான். ஆர்டி$ என்றால் பெசோ, யுஎஸ்$ என்றால் டாலர். வெறும் $ போட்ட விலைச்சீட்டில் எது என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். சாப்பாட்டுப் பில்லில் 18 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேரும். 1,000 பெசோ சாப்பாடு 1,280 ஆவது மோசடி அல்ல. அதற்கு மேலும் டிப்ஸ் கேட்டால் கொடுப்பது உங்கள் விருப்பம். கார்டு இயந்திரத்தில் பெசோவிலேயே பிடிக்கச் சொல்லுங்கள். பழைய நகரத்தின் எல் கோந்தே தெருவில் கையில் நோட்டுக் கட்டோடு நின்று பணம் மாற்றுபவர்களிடம் போகவே வேண்டாம். எண்ணிக் கொடுத்த கட்டைத் திரும்ப வாங்கி மடிக்கும் ஒரு நொடியில் நோட்டுகள் குறைந்துவிடும். சைவர்களுக்கு: புஃபேயில் உள்ள பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம், கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் இருப்பவர்கள் புன்டா கானாவை ஒட்டிய பாவரோவிலிருந்து தலைநகருக்குப் போகும் சாதாரண பஸ்ஸில் போய் ஓர் இரவு தங்குவது மேல். கட்டணம் டூரில் ஒரு சிறு பங்குதான். ஓசாமா கோட்டையிலிருந்து லாஸ் தாமாஸ் தெரு வழியாக அல்காசார் வரை பத்து நிமிட நடை, அங்கே யாருக்கும் பஸ் தேவையில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரத்தாள், ரசீது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரம் பதிந்த படம் மூன்றையும் வைத்துக்கொண்டு கார்டு வங்கியிடம் 'சொன்ன சேவை தரப்படவில்லை' என்று முறையிடுங்கள். லாபியில் மேசை போட்டு விற்பவர் பெரும்பாலும் ஹோட்டல் ஊழியர் அல்ல, அதனால் வரவேற்பறையில் கத்திப் பயனில்லை. கடற்கரையில் ரொக்கம் கொடுத்து, கையால் எழுதிய சீட்டு வாங்கியவர்களுக்கு இந்த வழியும் கிடையாது.