ஜாஸா, என்விடிஏவா? ஒரு வரலாற்று வாத்தியாரின் கணக்கு

போன மாதம் என்னைப் போலவே பார்வையற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "புது லேப்டாப் வாங்கிட்டேன் சார். ஜாஸ் போடவா, என்விடிஏ போடவா?" ஒற்றை வார்த்தையில் முடித்திருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் என்விடிஏ கட்சி.

எல்லாருக்கும் தெரிந்ததை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். இரண்டும் விண்டோஸ் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான்கள். ஜாஸ் மூத்தது. விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் அமெரிக்காவில் உருவாக்கி, கட்டளைகளை எழுதிக் கணினியை இயக்கிய டாஸ் காலத்தில், 1989-இல் வெளிவந்தது. என்விடிஏவை 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கினார், அவரும் பார்வையற்றவர். ஜாஸுக்குக் காசு, என்விடிஏ இலவசம்.

தமிழ் வாசிப்பில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலத்தான் இருக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொற்கள் குழையாது. சுற்றறிக்கைகளை அதில் ஓட்டிவிடுவேன். கதை படிக்க விண்டோஸின் 'வள்ளுவர்' குரல். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்ட பழைய பாமினி எழுத்துருவில் ஒரு கோப்பு வந்தால் இரண்டுமே கையை விரித்துவிடும். 'அம்மா' என்று எழுதியிருப்பதை "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று படிக்கும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

என்னைச் சாய்த்தது விலை என்று நினைப்பீர்கள். இலவசம் என்பது நல்லதுதான், ஆனால் என் முடிவு ஒரு பென்டிரைவில் இருக்கிறது.

கல்லூரியில் நான் கற்றது ஜாஸ்தான். ஆய்வகத்தில் உரிமம் இருந்தது ஒரே ஒரு கணினிக்கு. அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் மற்றவர்களுக்கு 40 நிமிடக் கணக்கு: உரிமம் இல்லாத ஜாஸ் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை அணைத்துப் போட்டால்தான் அடுத்த 40. கட்டுரையின் மூன்றாம் பத்தியில் குரல் போய்விடும். சேமித்தேனா இல்லையா என்று தெரியாமல் விரல் கீபோர்டிலேயே நிற்கும். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

என்விடிஏவின் கருவிகள் மெனுவில் 'கொண்டுசெல்லத்தக்க நகல்' எடுக்க ஒரு வழி உண்டு. முழு மென்பொருளும் பென்டிரைவில் ஏறிவிடும். ஆசிரியர் அறை, தேர்வு அலுவலகம், மச்சான் வீடு, எங்கே போனாலும் செருகி என்டர் தட்டினால் என் வேகம், என் குரல், என் அமைப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே என் உச்சரிப்பு அகராதி. நான் வரலாறு நடத்துகிறவன். 'கி.மு.' என்பதைக் குரல் "கி மு" என்று விழுங்கும். 'கிறித்துவுக்கு முன்' என்று படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். இப்படி இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பள்ளிக் கணினியை வருடத்துக்கு ஒருமுறை ஃபார்மட் செய்வார்கள். எனக்கு ஒன்றும் போகாது. ஜாஸில் உரிமம் கணினியோடு பிணைந்தது. எத்தனை முறை பதிவு செய்யலாம் என்பதற்கும் எண்ணிக்கை உண்டு. ஃபார்மட் என்றாலே வயிறு கலங்கும்.

பென்டிரைவ் நகலிலும் குறை இருக்கிறது. விண்டோஸ் அனுமதி கேட்கும் திரை வந்தால் அது வாயடைத்துப் போகும். 'டொய்ங்' என்ற சத்தம் மட்டும் கேட்கும். அனுமதி கொடுக்க ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்திப் பழகிக்கொண்டேன். வெளி மென்பொருளைத் தடுத்து வைத்திருக்கும் அலுவலகங்களில் பென்டிரைவ் வெறும் பிளாஸ்டிக். என்விடிஏவின் பராமரிப்பிலும் ஒரு தொல்லை: ஆண்டின் முதல் பதிப்புக்கு மாறும்போது கூடுதல் வசதிக்காக நாம் சேர்த்திருக்கும் சில துணைநிரல்கள் படுத்துவிடும். நான் ஓரிரு மாதம் பொறுத்துத்தான் மாறுவேன்.

ஜாஸை ஒரேயடியாகத் தள்ளுவதும் நியாயம் இல்லை. வங்கியில் இருக்கும் நண்பர் நாள் முழுக்க பெரிய பெரிய எக்செல் தாள்களோடு மல்லுக்கட்டுகிறார். அவர் அலுவலக மென்பொருளை ஒழுங்காகப் படிப்பதற்கென்றே ஜாஸில் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, எழுதி வைத்திருக்கிறார்கள். உரிமத்துக்கும் அலுவலகமே பணம் கட்டுகிறது. அவர் இடத்தில் இருந்தால் நானும் மாற மாட்டேன். புள்ளிகளை விரலால் தொட்டு வாசிக்கும் பிரெய்ல் திரையோடு எது ஒழுங்காக ஒத்துப்போகும் என்று கேட்டால் நான் சாட்சி சொல்லத் தகுதியில்லாதவன். இரவல் கருவியை இரண்டு நாள் தொட்டுப் பார்த்ததோடு சரி.

நண்பர் கடைசியில் என்விடிஏதான் போட்டார். மறுநாளே போன்: "சார், அந்த அகராதிக் கோப்பை அனுப்புங்களேன்." அனுப்பிவிட்டேன். அவர் இங்கிலீஷ் வாத்தியார், கி.மு.வை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று அனுப்பிய பிறகுதான் தோன்றியது.