கொக்கியில் மிச்சம் பிடிக்கலாம், வயறிங்கில் வேண்டாம்

லண்டனில் எங்கட ஆட்களின் சாமத்தியவீடு என்றால் கிடாரம், கதிரை, மணவறைச் சாமான் என்று ஒரு வான் நிறையச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் வான் வாடகை கட்டி அலுத்துப்போய்ச் சின்ன ட்றெயிலர் ஒன்று வாங்கினேன். இழுக்க 2015 ஸ்கோடா ஒக்டேவியா எஸ்டேட். பாவித்த கார், டோ பார் (ட்றெயிலரைக் கொழுவும் கொக்கி) இல்லாமல் வந்தது.

பார் விஷயத்தில் அதிகம் மண்டையை உடைக்கத் தேவையில்லை. போல்ட் போட்டு இறுக்கும் நிரந்தர பார்தான் மலிவு, பராமரிப்பும் இல்லை. ஆனால் காரின் டிக்கியில் சாமான் ஏற்றும்போது அது கணைக்காலைப் பதம் பார்க்கும். நான் கழற்றும் வகையைப் பூட்டினேன். குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு அதன் பூட்டைப் பிடித்துவிடும், அடிக்கடி கிறீஸ் தடவவேண்டும். ட்றெயிலர் இல்லாதபோது பாரின் நுனியில் இருக்கும் குண்டு நம்பர் பிளேட்டை மறைத்தால் கழற்றியே ஆகவேண்டும், சட்டம் அப்படி. அதற்குமுன், காரின் வி.ஐ.என். தகட்டில் (காரின் அடையாள இலக்கம் பொறித்த தகடு) காரும் ட்றெயிலரும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காரால் இழுக்கக்கூடாது, பேச்சு முடிந்தது.

காசு போகவேண்டிய இடம், ட்றெயிலர் லைற்றைக் காரோடு இணைக்கும் வயறிங். எந்தக் காருக்கும் போடும் பொது வயறிங் என்றால் பின் லைற் வயர்களில் கிளிப் போட்டுச் சிக்னலை எடுத்து, பைபாஸ் றிலே என்ற ஒரு சுவிச் பெட்டி மூலம் ட்றெயிலர் லைற்றுக்கு பற்றரியிலிருந்து நேரே கரண்ட் கொடுப்பார்கள். லைற் எரியும். ஆனால் பின்னால் ஒன்று தொங்குகிறது என்று காருக்குத் தெரியாது.

என் மச்சானின் காரில் அப்படித்தான் பூட்டியிருந்தது. கோயில் கார்பார்க்கில் ட்றெயிலரோடு றிவேர்ஸ் எடுக்க, சென்சர் விடாமல் கத்தியது. "மச்சான், பின்னால ஆரும் நிக்கினமோ?" என்று அவன் கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ஆரும் இல்லை, எங்கட ட்றெயிலர்தான். கடைசியில் சென்சரை நிற்பாட்டிவிட்டு, நான் இறங்கிக் கை காட்டித்தான் விட்டோம். புதிய கார்கள் பல்ப் போனதா என்று பார்க்க வயரில் சின்னச் சின்னத் துடிப்பு அனுப்பும். றிலே அதைச் சிக்னல் என்று நினைத்தால் எல்.ஈ.டி. லைற் சும்மா மினுங்கும்.

காருக்கென்றே செய்த வயறிங் கிற் காருக்குள் இருக்கும் கொம்பியூட்டர்கள் தகவல் மாற்றிக்கொள்ளும் டேட்டா லைனோடு பேசும். 13 பின் பிளக்கைச் செருகியதும் என் காரில் பின் சென்சர் தானாக அடங்கும். ட்றெயிலர் ஆடத் தொடங்கினால் தனித்தனிச் சில்லுக்கு பிறேக் போட்டு அடக்கும் வசதியும் அதோடுதான் வேலைசெய்யத் தொடங்குகிறது. வேகப்பாதையில் லொறி முந்தும்போது அதன் அருமை தெரியும். பூட்டியபின் கொம்பியூட்டரில் கோடிங் செய்யவேண்டும். அதோடு சேர்த்து எனக்குக் கூடுதலாக 150 பவுண்ஸ் அளவில் போனது, வலிக்கத்தான் செய்தது. ட்றெயிலரில் 7 பின் என்றால் கவலை இல்லை, சில பவுண்ஸுக்கு அடாப்டர் கிடைக்கும்.

2006 கரோலா மாதிரிப் பழைய காரில் குப்பை கொண்டுபோக மட்டும் என்றால் பொது வயறிங்கே போதும், கூடச் செலவழிக்கச் சொல்லமாட்டேன். என்னுடையது பிறேக் இல்லாத 750 கிலோ ட்றெயிலர். கரவன் (உள்ளே தங்கும் வசதியுள்ள பெரிய ட்றெயிலர்) நான் இழுத்ததில்லை. கரவன் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே பிறிட்ஜ், பற்றரிச் சார்ஜ் என்று வேறு கணக்கும் உண்டு, இழுத்தவர்களிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே பார் பூட்டிய பாவித்த கார் பார்க்கப் போனால், டிக்கியின் பக்க விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வயரில் நீலப் பிளாஸ்டிக் கிளிப்புகள் கடித்துக்கொண்டிருந்தால் பொது வயறிங்தான். மச்சானின் காரில் அந்தக் கிளிப்பைத் திறந்தபோது உள்ளே செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. 13 பின் சொக்கற் ட்றெயிலர் லைற்றுக்குச் சரியாகக் கரண்ட் கொடுக்கிறதா என்று எம்.ஓ.டி.யில் (காருக்கான வருடாந்தச் சோதனை) பார்ப்பார்கள். அதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவனும் கிற் ஓடர் பண்ணினான்.