இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை அறுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயர் ஒரு மூலையிலும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபர் எதிர் மூலையிலுமாக, வெவ்வேறு பிளக் பாயிண்டுகளில் மாட்டப்பட்டிருந்தன. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் 'உம்ம்' என்ற தாழ்ந்த இரைச்சல் விடாமல் கேட்கும். அதைச் சரிசெய்யச் சென்ற ஏப்ரலில் வந்த ஆடியோ டெக்னீஷியன், "வீட்டு எர்த் சரியில்லை சார், ஆடியோவுக்குத் தனி எர்த் போட்டால் கெட்ட கரண்ட் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும்" என்றார். நம்பி 14,500 ரூபாய் கொடுத்தேன்.

தோட்டத்தில் எட்டடிச் செம்புக் கம்பி ஒன்றை இறக்கி, அதன் வயரை சப்வூஃபர் பாயிண்டில் மட்டும் கொடுத்து, அங்கிருந்த வீட்டு எர்த்தைக் கழற்றிவிட்டார். இரைச்சல் முன்னைவிடக் கூடியது. உடனே ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் எர்த்துக்கான பெரிய பின்னை ஆக்ஸா பிளேடால் அறுத்தார். இரைச்சல் அடியோடு நின்றது, நானும் மகிழ்ந்துபோனேன்.

மின்சாரம் மண்ணைத் தேடிப் போவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து சப்வூஃபருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளில் நடுக்கம்பி வழியாகப் போகும் ஒலிக் கரண்ட், மேலே சுற்றியுள்ள வலை வழியாகத்தான் திரும்பி வருகிறது. இரு கருவிகளும் தனித்தனி இடத்தில் எர்த் செய்யப்பட்டிருந்தால், அந்த எர்த்துகளுக்கு இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வேறுபாடு அதே வலை வழியாக வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஓட்டுகிறது. வலையின் தடை 0.1 ஓம், ஓடும் கரண்ட் 10 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு மில்லிவோல்ட் ஒலியோடு கலந்துவிடும். அமைதியான கூடத்தில் அது நன்றாகவே காதில் விழும். பின்னை அறுத்தால் இந்த வளையம் அறுபடுகிறது, இரைச்சலும் நிற்கிறது. ஆனால் உயிரைக் காக்கும் கம்பியும் சேர்ந்தே அறுபட்டுவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து, ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் ஆர்சிஏ கேபிளை உருவினேன். மறுகை சப்வூஃபரின் பின்புற இரும்புத் தகட்டில் இருந்தது. விரலிலிருந்து முழங்கைவரை சுரீரென்று இழுத்தது. குன்னூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தபோது 108 வோல்ட் காட்டியது. உள்ளேயிருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் என்பதால்தான் பிழைத்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் பழுதாகியிருந்தால் முழு 230 வோல்ட்டும் பெட்டியில் நின்றிருக்கும்.

அதிலிருந்து தனி எர்த்தும் காப்பாற்றியிருக்காது. எங்கள் தோட்டத்துக் கம்பியின் தடையை அந்த எலக்ட்ரீஷியன் எர்த் டெஸ்டரால் அளந்தார்: 46 ஓம். 230 வோல்ட்டுக்கு அதில் ஓடக்கூடியது 5 ஆம்பியர்தான். கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையவே அசையாது. வீட்டு எர்த்தோடு சேர்க்காத இன்னொரு கம்பி, இடி விழும் நேரத்தில் இரு எர்த்துகளுக்கு நடுவே பெரும் வோல்டேஜைக் கருவிகளின் மேல் ஏற்றிவிடும் என்றும் சொன்னார். தோண்டிப் பார்த்தால், மூன்றடியில் பாறை தட்டியிருக்கிறது. மீதிக் கம்பியை ஆடியோ டெக்னீஷியன் அறுத்து எடுத்துக்கொண்டு, மேலே சிமெண்ட் பூசி மூடிவிட்டிருக்கிறார். பில்லில் எட்டடி என்றுதான் இருக்கிறது.

இரைச்சலுக்கான மருந்து நானூறு ரூபாயில் முடிந்தது. பிளக்கை மாற்றி, இரு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே வீட்டு எர்த்தில் மாட்டினோம். எர்த்துகளுக்கு இடையே வேறுபாடே எழாதபோது வலையில் ஓட எதுவும் இல்லை. டிஷ் கேபிளால் வந்த மெல்லிய மிச்சம், நடுவில், கம்பித் தொடர்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததும் போனது. பழைய வீட்டில் இல்லாதிருந்த, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியையும் பொருத்திக்கொண்டோம்; அது தனிச் செலவு.

டெக்னீஷியனிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், "சத்தம் நின்றதா இல்லையா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். குன்னூரிலும் அரவேணுவிலும் இதேபோல் செய்துகொடுத்ததாக அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால், இன்றே மெயின் சுவிட்சை அணைத்து, ஆம்ப்ளிஃபயர் பிளக்கைக் கழற்றிப் பெரிய பின் இருக்கிறதா, அதில் பச்சை வயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.