ஒன்றரை வருஷமா தெரபி போறேன், அந்த கடைசி அஞ்சு நிமிஷம்தான் பிரச்சனை

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "இவ்ளோ நாளா போறியே, நிஜமா பிரயோஜனம் இருக்கா, சும்மா பேசறதுக்கா காசு குடுக்கற, அதுக்கு என்கிட்டயே பேசலாமேடா"னு. பட்டுனு பதில் வரல, அதான் எழுதறேன். சைக்கியாட்ரிஸ்ட் மாத்திரை எழுதுவாங்க, தெரபிஸ்ட் பேச வைப்பாங்க, இதெல்லாம் தெரிஞ்சதுதான், அதுக்குள்ள போகல.

முதல்ல என் கடுப்பு. செஷன் 50 நிமிஷம். 40 நிமிஷம் நான் ஆபீஸ் கதை, தூக்கம் வரலங்கற கதைன்னு ஓட்டிட்டு இருப்பேன். கிளம்பலாம்னு பையை எடுக்கும்போதுதான் வாயில இருந்து தானா வரும், "அண்ணன்கூட பேசி மூணு வருஷம் ஆச்சு"னு. தெரபிஸ்ட் கடிகாரத்தைப் பார்ப்பாங்க. "இது முக்கியமான விஷயம், அடுத்த வாரம் இதுலேருந்தே ஆரம்பிக்கலாமா?" வந்துச்சே பாருங்க ஒரு கோபம். ஏழு நாள் அதை நெஞ்சுல தூக்கிட்டு சுத்தணும். கதவுப்பிடியில கை வெச்சதுக்கப்புறம் முக்கியமானதைச் சொல்றது ரொம்ப சகஜம்னும், தெரபிஸ்ட்டுங்க மத்தியில அதுக்குன்னு ஒரு பேரே இருக்குன்னும் அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் மட்டும் இல்லைங்கறதுல ஒரு அல்ப சந்தோஷம்.

எட்டாவது மாசம் வெடிச்சிட்டேன். "உங்களுக்கு என்னை விட கடிகாரம்தான் முக்கியம்"னு கத்திட்டேன். ஸாரியும் சொல்லல, ரூல்ஸும் பேசல, "இதை எத்தனை வாரமா சொல்லாம வெச்சிருந்தீங்க?"ன்னாங்க. மூணு மாசமா. அண்ணன்கிட்டயும் இதேதான் பண்ணேன், சொல்லாம சேர்த்து வெச்சு ஒருநாள் கொட்டினேன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட கழட்டாம உக்காந்திருந்தேன். இந்த ஒன்றரை வருஷத்துல உருப்படியான ஒரே செஷன்னா அதுதான்னு சொல்வேன், இல்ல அதுவும் அநியாயம், இன்னொண்ணும் இருக்கு.

ஹோம்வொர்க் குடுப்பாங்க. ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு, என்ன நடந்துச்சு, மனசுல என்ன ஓடுச்சு, எவ்ளோ நம்பறேன், அதுக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்னன்னு எழுதணும். ஸ்கூல் பையன் மாதிரி இதென்னன்னு ரெண்டு மாசம் டபாய்ச்சேன். ஒருநாள் மேனேஜர் "கொஞ்சம் பேசணும்"னு ஒத்தை வரி மெசேஜ் போட்டாரு. எனக்கு கை சில்லுனு ஆயிடுச்சு. எழுதினேன்: வேலை போச்சு, நம்பிக்கை 90 சதவீதம். ஆதார கட்டம் காலி. எதிர் கட்டத்துல நாலு வரி வந்துச்சு. திரும்ப மார்க் போட்டா 40. அவர் கேட்க வந்தது என் லீவு தேதி! பயம் போயிடலை, ஆனா அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்.

டிப்ரஷன் எவ்ளோ இருக்குன்னு பாக்க ஒன்பது கேள்வி இருக்கற ஒரு ஃபாரமும் உண்டு, போன ரெண்டு வாரம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கும், மொத்தம் 27 மார்க், கூட வாங்கினா மோசம். ஆரம்பத்துல 17, இப்போ 8. நடுவுல ஒரு மாசம் 19-க்கும் ஏறுச்சு, அதையும் சொல்லணும். பழசை கிளறும்போது சில வாரம் மோசமாத்தான் இருக்கும்.

"பேச்சு வைத்தியம்"ங்கற பேரை வெச்சதே டாக்டர் இல்ல, 1880-கள்ல ப்ரூயர்ங்கற வியன்னா டாக்டர்கிட்ட சிகிச்சைக்குப் போன பெர்த்தா பாப்பன்ஹைம்ங்கற பேஷண்ட். ப்ரூயரும் ஃப்ராய்டும் 1895-ல போட்ட புத்தகத்துல அவங்க குணமான மாதிரி எழுதியிருந்துச்சு, ஆனா அந்த சிகிச்சைக்கு அப்புறமும் அவங்க சானடோரியத்துல, அதாவது தங்கி வைத்தியம் பாக்கற இடத்துல, இருக்க வேண்டி வந்துச்சு. அதனால பத்து செஷன்ல மாறிட்டேன்னு சொல்றவங்களை நான் கொஞ்சம் தள்ளியே வெச்சு கேப்பேன்.

டேய், உன்கிட்ட பேசலாம்தான். ஆனா நீ ரெண்டாவது நிமிஷமே அட்வைஸ் குடுப்ப, மூணாவது நிமிஷம் உன் கதையை ஆரம்பிப்ப. அங்க யாருக்காவது உயிராபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விஷயம் தவிர சொன்னது வெளிய போகாது. போறதா இருந்தா மூணு நாலு செஷன் பாரு, ஒத்து வரலன்னா ஆளை மாத்து, அதுக்கு கூச்சப்படாதே.

ஸ்டார் கேட்டா ரெண்டரைதான், இன்னிக்கு மூட் அப்படி, நேத்தும் 46-வது நிமிஷத்துலதான் மேட்டரே வந்துச்சு. அண்ணன்கிட்ட இன்னும் பேசல. நம்பரை பிளாக்ல இருந்து எடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணி ஸ்லாட்டை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.