லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும்: குழி இருக்கிற ஷெட்டில் கொடுங்கள்

வண்டி ஸ்விஃப்ட் டீசல், 2014 மாடல். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முன்பக்கம் இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்க்கிற கை; அதன் மூட்டில் இருக்கிற ரப்பர் உறைதான் புஷ்), ஸ்டெபிலைசர் பாரை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் டி புஷ், இரு பக்க லிங்க் ராடு எல்லாவற்றையும் மாற்றி, ஒரு மழைக்காலமும் ஒரு வேலூர்க் கோடையும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இந்தப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் முன்பக்கம் தட்டுகிற இதே சத்தத்தோடு அலைகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: ஆர்முக்குக் கம்பெனி ரப்பர், டி புஷ்ஷுக்கு மட்டும் பாலியூரித்தேன் (ரப்பர் மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக்), லிங்க் ராடு நல்லதாக ஒரு ஜோடி. எந்தப் பாகம் வாங்கினீர்கள் என்பதைவிட, போல்ட்டை எந்த நிலையில் வைத்து இறுக்கினார்கள் என்பது பெரிய விஷயம்.

முதலில் சத்தம். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டிலும், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருக்களிலும் மெதுவாகப் போகும்போது இடது முன்பக்கம் டக் டக் என்று தட்டும். ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறி இறங்கினால் தட்டாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் உடனே தட்டும். ஸ்டெபிலைசர் பார் என்பது இரண்டு முன்சக்கரங்களையும் சேர்க்கிற கம்பி. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது சும்மா புரண்டு கொடுக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கேறும். அந்த முறுக்கை ஸ்ட்ரட்டுக்கு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணுக்கு, கொண்டுபோவது லிங்க் ராடு. அதன் நுனியிலுள்ள பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில்தான் தட்டும். இதை மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொன்னாலே போதும், தேவையில்லாமல் ஷாக் அப்சார்பருக்குச் செலவு வைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பிரேக். பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும்போது ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் இழுத்து, பிரேக்கை விட்டதும் திரும்பி வரும். அது லோயர் ஆர்மின் பின்புஷ் போனதற்கான அடையாளம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுவதைத் தாங்குவது அந்தப் புஷ்தான். ரப்பர் கிழிந்திருந்தால் சக்கரம் கொஞ்சம் பின்னுக்குப் போய், அது பார்க்கிற திசையே மாறிவிடும். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்வதும் இதனால்தான். டீசல் என்ஜினின் எடை முழுக்க முன்பக்கம் இருப்பதால் இந்தப் புஷ்களுக்கு வேலை இன்னும் அதிகம்.

இதற்கு முன்பும் ஆர்ம் புஷ் ஒருமுறை மாற்றியதுதான். ஊருக்குள் வேறொரு கடை; லிஃப்ட், ஏசி அறை, கணினி ரசீது எல்லாம் உண்டு. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் ஏர் கன்னால் இறுக்கிவிட்டார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ரப்பர் கிழிந்துவிட்டது. போய்க் கேட்டால், “ரோடு அப்படி இருக்கு மேடம்” என்றார்கள். ரோடு மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் புஷ் கிழிந்ததற்கு ரோடு மட்டும் காரணம் இல்லை என்பது இந்த முறைதான் புரிந்தது.

இப்போது கொடுத்தது காட்பாடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிற ஷெட். பெயர்ப் பலகை கிடையாது. அங்கே எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிற பெரியவர்தான் மேஸ்திரி. தகரக் கூரை, தரையில் ஆள் நின்று வேலை பார்க்கிற அளவுக்கு ஒரு குழி, இரண்டு ஜாக்கி, ஸ்டாண்டுகள். அவ்வளவுதான் கடை. பழைய ஆர்மைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, “டீச்சர், இங்க வந்து பாருங்க” என்றார். பின்புஷ்ஷின் நடுக்குழாயைச் சுற்றி ரப்பர் பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியை நுழைத்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. லிங்க் ராடின் பூட் (மூட்டை மூடுகிற ரப்பர் உறை) கிழிந்து, உள்ளே கிரீஸ் செம்மண் குழம்பாகிவிட்டது. அதன் ஸ்டட் (நட் மாட்டுகிற மரை முனை) விரல் பட்டாலே சாய்ந்தது. புதியதைக் கையில் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். என் இரண்டு கை பலத்துக்குக்கூட லேசில் அசையவில்லை.

பிறகு அவர் விளக்கியது. ரப்பர் புஷ்ஷில் எதுவும் சுழலாது. வெளிக்குழாய், உள்குழாய், நடுவில் இரண்டிலும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப வரும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் இறங்கியதும் அது முறுக்கிய நிலையிலேயே நிற்கும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் முறுக்குதான். பள்ளத்தில் விழுந்தால் அதற்கு மேல் முறுக்கு. கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் பாய் செய்த முறை இது. ஆர்மை மாட்டி போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விட்டார். சக்கரங்களைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்கினார். பானெட்டின் மேல் கை வைத்து நாலைந்து முறை அழுத்திவிட்டு, குழிக்குள் இறங்கி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கினார். இறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலும் சாக்பீஸில் ஒரு கோடு. லிங்க் ராடும் அப்படித்தான்: வண்டி சமமாக நின்றதால் பாரில் முறுக்கே இல்லை, ஸ்டட் நெம்பாமல் கையாலேயே ஓட்டைக்குள் போனது. ஸ்டட் நுனியில் ஆலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு, அதிர்வில் எளிதில் கழலாத புது நைலாக் நட்டை ஸ்பேனரால் திருகினார். இந்த ஒரு வேலைக்கு லிஃப்டைவிடக் குழி நல்லது. லிஃப்டில் செய்யவே முடியாது என்று இல்லை. ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து எடையை ஏற்றிவிட்டு இறுக்கலாம். அதற்குப் பொறுமை உள்ளவர் வேண்டும்.

பாலியூரித்தேன் பற்றி. ஆர்முக்கும் அதையே போடலாமா என்று கேட்டேன். பாலியூரித்தேன் ரப்பரைவிடக் கெட்டி, ஆயில் பட்டாலும் ஊறாது, ஆயுள் அதிகம். ஆனால் அதில் உள்குழாய் சுழலும்; கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், நம் ஊர்ப் புழுதியில் சீக்கிரமே காயும். ரோட்டின் அதிர்வும் பாடிக்கு அதிகமாக வரும். ரத்தினகிரி பக்கத்திலுள்ள சி.எம்.சி. ராணிப்பேட்டை வளாகத்துக்கு அம்மாவை அடிக்கடி அழைத்துப் போகிறேன். பின்சீட்டில் முதுகுவலியோடு உட்கார்ந்து வருபவருக்கு அந்த அதிர்வு வேண்டாம். ஆகவே ஆர்ம் முழுசாக, புஷ்ஷும் பால் ஜாயிண்டும் சேர்ந்தே வருகிற கம்பெனிப் பெட்டி. பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் தள்ளி எடுக்கும் வேலை மிச்சம். டி புஷ் மட்டும் பாலியூரித்தேன். அது பிளந்த புஷ், கிளாம்ப்பைக் கழற்றினால் சிலிக்கான் கிரீஸ் மறுபடி தடவிக்கொள்ளலாம்.

பலன்? தட்டுகிற சத்தம் முழுக்கப் போய்விட்டது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் இணைப்புகளில் முன்பு தடதடவென்று வரும். இப்போது மெத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நேராக நிற்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. முன்பு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசித்துத்தான் சாயும். இப்போது கை திரும்பும்போதே மூக்கும் திரும்புகிறது. அம்மா ஏலகிரி இறக்கத்தில் பிளாஸ்டிக் கவரைக் கையில் எடுக்கவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய சான்றிதழ்.

குறைகளும் உண்டு. பாயிடம் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லை. கை அனுபவத்தில்தான் இறுக்குகிறார். இத்தனை நல்ல வேலைக்காரர் அதையும் ஒன்று வாங்கி வைக்கலாம், சொல்லியிருக்கிறேன். வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் பார்க்கும் திசையைச் சரிசெய்வது) அங்கே கிடையாது. ஆர்ம் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் புது டயரும் ஓரம் தேயும். அதற்கு பைபாஸ் ரோட்டுக்குத் தனியாகப் போனேன். ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். உட்கார நாற்காலி ஒன்றுதான், அதுவும் பேட்டரி வைக்கிற இடத்தில்.

பாகங்கள், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 8,000 ரூபாயை ஒட்டி வந்தது. பாகங்களை நானே வாங்கிக் கொடுத்தேன். பழையதைத் திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்காமல் சாக்கில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். லிங்க் ராடை ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். ஒன்று தேய்ந்த வயதில் மற்றதும் அதே நிலையில்தான் இருக்கும்.

காலையிலேயே வண்டியை விட்டால் சாயங்காலம் எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு ஷெட்டை மூடிவிடுவார்கள், அன்றைக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள்.